இடது பக்க முன் டயர்

ஏங்க, பிக்கப் வண்டியை எடுக்காதீங்க. சாவியை மெக்கானிக்கிட்ட கொடுத்துட்டேன், தேடுறேன்னு வீட்டைத் தலைகீழாப் புரட்ட வேண்டாம். காய்கறி மூட்டையை என் தம்பி வண்டியில ஏத்திட்டுப் போறேன்.

டயர் தேயுறது காத்து கம்மியாலதான்னு அடிச்சுச் சொன்னீங்களே? காத்து கம்மின்னா ரெண்டு ஓரமும் தேயும். இங்க முன்னாடி இடது டயர்ல உள் ஓரம் மட்டும் மொட்டையாகி, கம்பியே தெரியுது. வலது டயர் அப்படியே இருக்கு. வண்டிக்கடியில படுத்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குற ஆர்ம் வளைஞ்சு, சக்கரம் உள்பக்கமா சாஞ்சு நிக்குது. அது தானா வளையாது.

நான் எழுந்திருச்சா, பக்கத்துல சின்னவ நின்னு அழுறா. "அப்பா நடைபாதைக் கல்லுல இடிச்சாங்க, அம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க"ன்னு தேம்புறா.

இடிச்சதுக்குக் கோபம் இல்லைங்க. அந்த டயரை நம்பித்தானே தினம் அவளைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டினேன்? பார்த்துட்டே இருந்தீங்க, வாயைத் திறந்தீங்களா?

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். மெக்கானிக் மத்தியானம் வருவார். அவர்கிட்டயாவது உள்ளதைச் சொல்லுங்க.

பி.கு.: "அப்பாவைக் காட்டிக் கொடுத்துட்டேனாம்மா?"ன்னு கேட்டுட்டேதான் பள்ளிக்கூடம் போனா. வண்டியை நான் சரி பண்ணிக்கிறேன். அவளை நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நடந்தே வாங்க. அவ சொன்னது தப்பில்ல, அப்பா மறைக்கச் சொன்னதுதான் தப்புன்னு வழியில உங்க வாயாலயே சொல்லுங்க.