இரண்டாவது பாட்டின் இடைவெளி

கோட்டூர்புரம்
ஞாயிறு மாலை

அன்புள்ள ஹரி,

குளிரில் நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் நைனாவும் சுகம். ஒன்றரை வருடமாக பிளாக்கில் போட்டிருந்த உன் எண்ணை நேற்றுதான் விடுவித்தேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை. உன் அம்மா வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குக் கிளம்புவதால் அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூட ஒரு பென்டிரைவ் இருக்கும். மயிலாப்பூரில் உன் அறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துவிட்டு நாம் பதிவு செய்தோமே, அந்த மூன்று மெட்டல் பாட்டும் அதில் இருக்கின்றன. மிக்ஸிங் முடிந்துவிட்டது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மிக்ஸை நான் கோபத்தில் செய்தேன். ஜெர்மனி வேலை கிடைத்ததை மூன்று மாதம் மறைத்துவிட்டாய் என்ற கோபம். உன் டிரம்ஸை அடியில் தள்ளிவிட்டு என் பேஸ் கிட்டாரை மேலே ஏற்றினேன். கம்ப்யூட்டரில் கேட்டபோது கம்பீரமாகத்தான் இருந்தது. நைனா ஆட்டோவில் போட்டுக் காட்டினேன். அடையாறு பாலம் தாண்டுவதற்குள் அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டார். "இன்னாடா இது? கெணத்துக்குள்ள லாரி ஓட்ற மாதிரி கீது. ஹரி அடிச்சதெல்லாம் எங்க போச்சு?" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடி உட்கார்ந்தேன். கிட்டாரையும் குரலையும் நிறுத்திவிட்டு நீ காலால் மிதிக்கும் கிக் டிரம்மையும் என் பேஸையும் மட்டும் ஓடவிட்டேன். இரண்டும் ஒரே ஆழத்தில் உட்கார்ந்து ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தன. உன் மிதி 'தொம்' என்று விழும் இடத்தில் பேஸைக் கொஞ்சம் செதுக்கினேன். கிக் விழும்போதெல்லாம் பேஸ் ஒரு கணம் தாழ்ந்து எழும்படி வைத்தேன். டபுள் பெடலில் இரண்டு காலாலும் நீ ஓடும் இடங்கள் அப்போதுதான் ஒவ்வொரு அடியாகக் காதில் விழுந்தன.

இரண்டாவது பாட்டுக்கு வந்தேன். நடுவில் எல்லாமே நாலு எண்ணிக்கை நின்றுவிட்டு, நீயும் நானும் சேர்ந்து இறங்குவோமே, அந்த இடம். கண்ணால்கூடப் பார்த்துக்கொள்ளாமல் இறங்கினோம் என்று நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட இடம். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளம் தவறாமலிருக்க நம் காதில் ஓடிய க்ளிக் தன் நேரத்தில் அடித்துவிட்டுப் போயிருந்தது. நான் அங்கே இல்லை. தாமதமாகத்தான் வந்திருக்கிறேன். நீயும் அங்கே இல்லை, ஹரி. என்னோடுதான் இறங்கியிருக்கிறாய்.

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். க்ளிக்கை ஒரு இழை தாண்டினாலும் பாட்டையே நிறுத்திவிட்டு "மறுபடி முதல்லேர்ந்து" என்பவன் நீ. அன்று க்ளிக்கை விட்டுவிட்டு எனக்காக நின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்ட உன்னைத்தான், வேலை விஷயம் தெரிந்த அன்று, "உனக்கு உன் சத்தம் மட்டும்தான்டா கேக்கும்" என்று கத்தினேன். வழியனுப்பவும் வரவில்லை. மன்னித்துவிடு. நன்றி என்று சொல்லவும் எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அந்தத் தாமதத்தை நேராக்க ஒரு பட்டன் போதும். நான் தொடவில்லை. மூன்றாவது பாட்டில் குக்கர் விசில் ஒன்று உன் மைக்கில் ஏறியிருக்கிறது. அதையும் விட்டுவைத்தேன். புதிய மிக்ஸைக் கேட்டு நைனா, "இப்பதான்டா ரெண்டு பேரும் கீறீங்க" என்றார்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் போகாததற்குத் திட்டு விழும் என்று பயந்தேன். அம்மா, "ஏண்டா செம்பியா, வாசல்லயே நின்னுண்டிருக்க? உள்ள வா" என்றார். அவ்வளவுதான். காபி கொடுத்தார். உன் டிரம்ஸைப் புடவை போட்டு மூடி வைத்திருக்கிறார். "தூசி தட்டறச்சே கை பட்டுச் சத்தம் வந்தா, ஒரு நிமிஷம் நீ ஆத்துல இருக்கறாப்ல இருக்கும்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார். அவரே சொல்ல மாட்டார். அதனால் எழுதுகிறேன். அங்கே வந்ததும் அவரை நாலு இடம் கூட்டிக்கொண்டு போ.

பென்டிரைவில் நான்காவதாக ஒரு பாட்டு இருக்கிறது. புதிது. பேஸ் மட்டும்தான் வாசித்திருக்கிறேன். வேறு ஆள் வைத்து அடிக்கலாமே என்று இரண்டு பேர் சொன்னார்கள். மனம் வரவில்லை. அங்கே டிரம்ஸ் கிடைத்தால் அடித்து அனுப்பு. கிடைக்காவிட்டால் ஊருக்கு வரும்போது அடிக்கலாம், அவசரமில்லை.

கை காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், மச்சி. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
செம்பியன்