காயவைத்த ரெசின்

ஐப்பசி 9, செவ்வாய்.

லேபில் பாத்திரம் கழுவப் போன இடத்தில் இன்று பெரிய தப்பு செய்துவிட்டேன். ஆராய்ச்சி செய்கிற செல்வி, ஏலச்செடி இலையிலிருந்து ஒரு புரதத்தைத் தனியே பிடித்து இழுக்கப் பார்க்கிறாள். கட்டிப்போன புரதத்தைப் பிரிக்க யூரியாவா, அதைவிடக் கடுமையான மருந்தா என்று ஒரு மாதம் அல்லாடி, நேற்றுதான் யூரியா என்று முடிவு செய்தாள். புரதம் ஒட்டுகிற ரெசின் மணிகள் பாட்டிலில் தண்ணீரோடு இருந்தன. எங்கள் மலையில் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்த கை இது. பூசணம் பிடிக்குமென்று வடித்து, தாளில் பரப்பிவிட்டேன்.

"ஐயோ அக்கா, காஞ்சா ஒண்ணுக்கும் ஆகாதுக்கா!" என்றாள் செல்வி.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன ஆத்தா?"

லேபை நடத்துகிற சார் கேட்டபோது தன் தப்பு என்றாள். எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னிடம், "உங்க வீட்டுக்காரர் போயி மூணு மாசங்கூட ஆகல, எப்படிக்கா மாட்டிவிடுவேன்?" என்றாள்.

அவர் சாவைச் சொல்லி என்னைக் காப்பாற்று என்று கேட்டேனா? காலையில் சாரிடம் நானே சொல்லிவிடுவேன். வேலை போனால் ஜீப்பு ஏறி மலைக்கே போகிறேன்.