லோகனின் கார் மேட்டில் திணறுகிறது

4 மார்ச், செவ்வாய்

விடியும்போதே மழை. கார் இன்றும் மானத்தை வாங்கிவிட்டது.

பாலிக் புலாவுக்கு ஏறும் மலைப்பாதை, இரண்டாவது வளைவு. எண்ணெய்ப் பெடலை மிதிக்கிறேன், கார் வேகம் எடுக்கவில்லை. ஒரு நொடி செத்துப்போன மாதிரி. பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு. மறுபடி திணறல். பின்னால் மணல் லாரி. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை அவன். "சனியனே, போய்த் தொலை" என்று காரைத் திட்டினேன். வாய்விட்டு.

முதியோர் இல்லத்தில் கஞ்சி தாமதம். நான்தான் அங்கே சமையல். மேட்ரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஜன்னலோரக் கட்டில் சீனக் கிழவர் மட்டும் பசி பசி என்று கரண்டியால் தட்டிக்கொண்டு.

இந்த வேலை போனால் வீட்டில் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கார் ஓடியாக வேண்டும்.

இது என் மகன் லோகனின் கார். பழசாக வாங்கி அவனே பார்த்துப் பார்த்துச் சரி செய்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், மழை இல்லையே என்று காரை வீட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனான். பாலத்தில் விபத்து, அங்கேயே போய்விட்டான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லோகன் போனதிலிருந்து அவர் வெளியே இறங்குவதில்லை. மாலையானால் கார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். பானெட்டைத் துணியால் துடைப்பார். ஓட்ட மாட்டார்.

"ஒர்க்‌ஷாப்லாம் வேணாம். அவன் வச்ச மாதிரியே இருக்கட்டும்."

"அவன் வச்ச மாதிரி இருந்தா ஏன் திணறுது?"

துடைத்துக்கொண்டே இருந்தார்.

வாங்க: வெங்காயம், பருப்பு, சவர்க்காரத் தூள், கால் வலித் தைலம்.

6 மார்ச், வியாழன்

வெயில். அவரிடம் சொல்லாமல் மெக்கானிக் செல்வத்திடம் போனேன். ஆயர் ஈத்தாமில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். ஞாயிறானால் லோகன் அங்கேதான் கிடப்பான், சோறு தண்ணி இல்லாமல்.

செல்வம் முதலில் கேலி. "கார் நல்லாத்தான் இருக்கும்கா. நீங்க பயந்து பயந்து மிதிப்பீங்க."

"நீ ஏறி ஓட்டிப் பாரு."

ஓட்டினான். கோயில் பக்கத்து மேட்டிலேயே கேலி நின்றுவிட்டது. "ஆமா லா அக்கா. மூச்சு முட்டுது."

அவன் செய்தது:
பிளக் நான்கும் புதுசு. பழைய பிளக் நுனி வெள்ளையாக இருந்தது. எண்ணெய், அதாவது பெட்ரோல், பத்தாமல் எரிகிறதாம்.
பெட்ரோல் பில்டர் புதுசு.
பம்ப் அழுத்தம் பார்த்தான், சரி.
ரப்பர் குழாய்களில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தான், எங்கும் கசியவில்லை.

"இப்பப் பாருங்க, பறக்கும்."

பறக்கவில்லை. திரும்பும் வழியில் சிக்னல் பச்சை விழுந்ததும் அதே திணறல். பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தான். லோகன் வயசு இருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இரவுக்கு ரசம். அவர் சாப்பிடவில்லை.

8 மார்ச், சனி

எங்கிருந்து எழுதுவது. கை ஓடவில்லை.

காலையில் மறுபடி செல்வம். இந்தத் தடவை ஒரு மெஷினைக் காரில் மாட்டினான். திரையில் எண்கள். எண்ணெய் மிதிக்கச் சொன்னான், மிதித்தேன். தலையை ஆட்டினான். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று அளக்க ஒரு சென்சர் உண்டாம். அது குறைத்துக் காட்டுகிறதாம். காற்று கொஞ்சம்தான் என்று நம்பி எஞ்சின் பெட்ரோலையும் கொஞ்சமாக விடுகிறதாம். அதனால்தான் மிதிக்கும்போது திணறல்.

கழற்றினான். முடி மாதிரி மெல்லிய கம்பி. மேலெல்லாம் வெள்ளைப் பொடி.

"இது ரோட்டுத் தூசி இல்லையே" என்றான். காற்று பில்டர் பெட்டியின் கிளிப்பைத் தட்டித் திறந்தான். பில்டருக்கு மேலே, வெள்ளைத் துணியில் ஒரு சின்ன முடிச்சு. துணி ஒரு பக்கம் நைந்து, பெட்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடி.

"அட, விபூதி! லோகன் வேலையாக்கா இது? பில்டருக்குக் கீழ வச்சிருந்தாலாவது பில்டர் புடிச்சிருக்கும். மேல வச்சா நேரா சென்சருக்குத்தான் போகும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சாமியே கும்பிடாத பிள்ளை. யாருக்கும் தெரியாமல் காருக்குத் துணையாக விபூதி வைத்திருக்கிறான். அவன் போன நாளிலிருந்து நான் நெற்றியில் எதுவும் வைத்ததில்லை. சாமி மேல் கோபம். இன்றைக்கு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் பூசிக்கொண்டேன். கோயில் விபூதி போல வழுவழுப்பு இல்லை, கொஞ்சம் நறநறவென்று இருந்தது. பழசு போல என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கும் குடுங்கக்கா" என்றான் செல்வம். அவன் நெற்றியிலும் இட்டேன்.

முடிச்சை இறுக்கிக் கட்டி என் கைப்பையில் வைத்தேன். மீதியை அவன் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளினான். சென்சருக்கு மருந்து அடித்தான். காய்ந்ததும் மாட்டினான். கார் எடுத்தேன். வெண்ணெய் மாதிரி போனது. பாடிக்கொண்டே வந்தேன். எத்தனை மாதம் ஆயிற்று.

அவர் நாற்காலியில் இருந்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

"என்ன அது?"

"விபூதி. எம்புள்ள கார்ல வச்சிருந்தான். நீங்கதான் அவனை நாத்திகன்னு ஏசுவீங்களே."

"எங்க வச்சிருந்தான்?"

"பானெட்டுக்குள்ள, காத்துப் பெட்டியில. அதனாலதான் கார் திணறியிருக்கு."

எழுந்தார். நாற்காலி விழுந்தது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது விபூதி இல்ல."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அது அவன்தான்."

புரிய நேரம் ஆயிற்று. புரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அஸ்தி கரைக்கப் பெண்கள் போவதில்லை. அன்றைக்கு அவரும் அவர் அண்ணனும்தான் படகில் போனார்கள். சட்டியைக் கடலில் விடும் முன் ஒரு பிடி எடுத்திருக்கிறார்.

"நான் எடுக்கல. கை எடுத்துருச்சு. கைக்குட்டையில முடிஞ்சிட்டேன்."

"அத எஞ்சின்லயா வைப்பாங்க?"

"வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அப்ப அவன் கார்லதானே வைக்கணும். சீட்டுக்கு அடியில வச்சா நீ கூட்டிருவே. பானெட்ட தெறந்தேன். அந்தப் பெட்டி சுத்தமா இருந்துச்சு, மூடி இருந்துச்சு. மழை படாது, தூசி படாது."

"அது கார் மூச்சு விடற எடம்."

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு என்னடி தெரியும்?"

குளியலறைக்குப் போனேன். வாளியில் தண்ணீர். தலைக்கு ஊற்ற வேண்டும். கண்ணாடியில் நெற்றி. துடைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

9 மார்ச், ஞாயிறு

முடிச்சு என் கைப்பையில். கைப்பை காரில். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. நானும் அதையே செய்கிறேன்.

செல்வத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன் போட்டேன். முழுதும் கேட்டான்.

"செல்வம்?"

"நான் காத்து அடிச்சேனேக்கா."

"உனக்குத் தெரியாது."

"தரையெல்லாம் கூட்டி, குப்பை வண்டியில..." அழுதான். பெரிய ஆம்பிளை, போனில் ஏங்கி ஏங்கி. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவன் இருந்தா என்னை ஏசியிருப்பான்கா. சென்சரைப் பாக்காம எதுக்குடா பிளக்கை மாத்தினேன்னு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததும் பயமாகிவிட்டது.

ஒன்று கேட்டேன். "உள்ள போனது என்னாச்சு?"

சொல்லத் தயங்கினான். "எஞ்சினுக்குள்ள போனது உள்ளயே நிக்காதுக்கா. புகையோட வெளிய போயிருக்கும்."

வெளியே என்றால் ரோட்டில். மலைப்பாதையில், அந்த வளைவில், தினமும். நான் சனியனே என்றது. போய்த் தொலை என்றது.

11 மார்ச், செவ்வாய்

வேலைக்குப் போனேன். கஞ்சி நேரத்துக்கு ஆயிற்று. மேட்ரன் "கார் ஓகே ஆ?" என்றாள். ஓகே என்றேன். வேறு என்ன சொல்ல.

வளைவில் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் லாரி. ஹாரன் அடிக்கட்டும்.

மாலையில் அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டேன். நான் பயந்தது ஒன்றுதான். மிச்சத்தை என்ன செய்வது? வைத்திருந்தால் இவர் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து முடிந்துவிடுவார். அதையும் நான் தனியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போயிடுவோம்" என்றேன்.

துணியை மடித்து வைத்துவிட்டு, "ம்" என்றார்.

16 மார்ச், ஞாயிறு

நல்ல வெயில். தெலுக் பாஹாங் கடற்கரை. படகுக்காரர் மலாய்க்காரர், எதற்கு என்று கேட்கவில்லை. முடிச்சைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"நீ கரையில நில்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

"நானும் வர்றேன்."

"பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லையே."

"எஞ்சின்ல வைக்கிறது வழக்கமா?"

ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் படகை நிறுத்தினார்கள். இவர் முடிச்சை அவிழ்க்கிறார், அவிழ்க்கிறார், இளகவில்லை. நான் கை வைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவிழ்த்தோம். உள்ளங்கைக் குழி அளவுதான் மிச்சம். அதற்குள் எவ்வளவு போய்விட்டது.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி.

"எல்லாத்தையும்."

விட்டார். கைக்குட்டையை நான் தண்ணீரில் அலசினேன். அவர் சட்டைப் பையையும் தொட்டுப் பார்த்தேன். அதற்கு அவர் முகம் கொஞ்சம் கோணியது, சிரிப்பு மாதிரி.

திரும்பும்போது சாவியை அவர் கேட்டு வாங்கினார். லோகன் போனபிறகு முதல் தடவை ஓட்டுகிறார். பத்து ஃபெரிங்கி ஊர் தாண்டிய மேட்டில் எண்ணெய் மிதித்தார். கார் அப்படியே எடுத்துக்கொண்டு ஏறியது. அவர் ரேடியோவை அணைத்தார்.

எதற்கு என்று தெரிந்தது. நானும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் திணறல் ஒரே ஒரு தடவை வராதா என்று.

வரவில்லை.