மாடியில ரூம் இருக்கு, விலையில இல்ல

பாப்பாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நான், உங்கப்பா, நாலு தையல் மிஷின் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை ஒழுங்கா எழுது, போன்ல "ம்ம்"னு சொன்னா நீ சாப்பிட்டியா இல்லையான்னே தெரியல.

நீ அனுப்பின பேரம் பேசுற இங்கிலீஷ் பக்கத்தை அடுப்படிச் சுவத்துல ஒட்டியாச்சு. ஒன்பதாவதுல பாதியில எழுந்து வந்தவ நான், அப்ப ஏறாதது இப்ப பாத்திரம் தேய்க்கிறப்ப ஏறுது. நான் "தட் இஸ் அவர் பெஸ்ட் பிரைஸ்"னு சொல்ல, உங்கப்பா "கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம்"னு கெஞ்ச, ரெண்டு நாள் குழம்பு அடிப்பிடிச்சதுதான் மிச்சம்.

ஸ்கூல் பை வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் போன் பண்ணினார். இந்த ஆர்டர் கைவிட்டுப் போனா அடுத்த மாசம் தைக்கிற மூணு பேரையும் நிறுத்தணும், அதுல ஒருத்தி மாசமா இருக்கா, எந்த வாயால சொல்றது. நான் விலையைச் சொன்னதும் அவர் "இஸ் தேர் எனி ரூம்?"னு கேட்டார். பாவம், தங்க இடம் கேக்குறார்னு நினைச்சு "யெஸ் சார், பிக் ரூம், யூ கம்"னு சொல்லிட்டேன். அப்புறம் மாடியில உன் ரூமைக் கழுவி, புது விரிப்பு போட்டு, சோப்புகூட பிரிக்காம வச்சேன். துணி வெட்டுற கட்டிங் அக்கா என்னடி மாப்பிள்ளையா வர்றார்னு கேட்டுச்சு.

வந்த மனுஷன் நான் சொன்னதுல பாதி விலையை எழுதி நீட்டினார். என்ன சார் இதுன்னு கேட்டேன். நீங்கதான் நிறைய ரூம் இருக்குன்னு சொன்னீங்களேங்கிறார். ஆமான்னு மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைத் திறந்து காட்டினேன். கட்டிலைப் பாக்கிறார், சோப்பைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். கூட வந்த பையன் தமிழ்ல மெதுவா, "அக்கா, விலையைக் குறைக்க இடம் இருக்கான்னுதான் சார் கேட்டார்"ங்கிறான். அந்த மனுஷன் உன் கட்டில்ல உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார்.

வெக்கத்துல ஓடியிருக்கணும், ஓடல. "ரூம் ஹியர், நோ ரூம் பிரைஸ்"னு சொல்லி நாம தைச்ச பையை அவர் கையில குடுத்து பட்டையை இழுங்கன்னேன். ரெண்டு கையாலயும் இழுத்தார், பட்டை அசையல. சரி, நீங்க சொன்ன விலையே இருக்கட்டும், ஆனா ஒரு வாரம் முன்னாடியே வேணும்னார். அப்பத்தான் நீ எழுதின கடைசி வரி வாயில வந்துச்சு, நாங்க அதைச் செஞ்சா நீங்க எங்களுக்கு என்ன செய்வீங்கன்னு. துணியை அவங்க செலவுலயே அனுப்புறாங்களாம். கையெழுத்தாகிடுச்சு. மாசமா இருக்கிறவ இப்பவே மிஷினுக்கு எண்ணெய் போட உக்காந்துட்டா.

உன் மேல ஒரே ஒரு கோபம்தான். பெரிய பெரிய வாக்கியமா எழுதினவ, இந்தச் சின்ன ரூமை விட்டுட்டியே. அடுத்த பக்கம் அனுப்புறப்ப ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல அர்த்தம் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பாத்துக்க, நீ நினைச்சதெல்லாம் நடக்கட்டும். இங்கிருந்து கிளம்புறப்ப, "என் ரூமை நூல்கண்டு போடுற கிடங்கா ஆக்கிடுவீங்க"ன்னு அழுதுட்டுப் போனியே, கம்பெனிக்காரர் அன்னிக்கு சாயங்காலமே கிளம்பிட்டார், புது விரிப்பு உனக்காக அப்படியே இருக்கு.

இப்படிக்கு,
விலையில ரூம் இல்லாத, உனக்கு மட்டும் எப்பவும் ரூம் இருக்கிற
அம்மா