மூன்றாவது வளைவில் ஆரஞ்சு

மார்ச் 3, செவ்வாய்
காலை 6.10

ஆய்வகத்து அம்மணிக்கு,

நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி இன்றோடு நூற்றுப் பதினாறு நாள். போனில் நீ சொல்ல வருவதை நானே சொல்லி முடித்துவிடுகிறேனாம், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டாய். சரி, எழுதுகிறேன். குறுக்கே பேச முடியாமல் நாக்கு அரிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மே முதல் வாரம் மலைத் தேசியப் பூங்காவில் மூன்று நாள் நடக்க நம் இருவர் பெயரிலும் அனுமதி கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. பூங்கா விடுதியில் ஓர் அறையும் உண்டு. ஏப்ரல் பத்துக்குள் இருவருடைய அடையாள அட்டை நகலையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

முதல் நாள் ஏரியைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். இரண்டாம் நாள் காவல் கோபுரம் வழியாக மேல் முகடு, ஏற்றம் மட்டும் தொள்ளாயிரம் மீட்டர். மூன்றாம் நாள் நீ விடுதியில் ஓய்வெடு, நான் முகட்டுப் பாதையில் ஓடிவிட்டு வருகிறேன். எல்லாவற்றுக்கும் நேரக் கணக்குப் போட்டாயிற்று. உனக்காக இருபது சதவீதம் தளர்வும் சேர்த்திருக்கிறேன்.

நீ திரும்பி வருவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்பதை அந்த மலையில் வைத்துப் பேசுவோம். வீட்டுக்குள் நமக்குச் சண்டை போடத்தான் வருகிறது.

சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டேன். உன் செடிகளில் ஒன்று போய்விட்டது. நகலை உடனே அனுப்பு.

உன்
லிஃப்ட்காரன்


மார்ச் 9

லிஃப்ட்காரருக்கு,

நலம்தானே? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அத்தை போனில் நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னார். போன மாதம் குண்டாகிவிட்டதாகச் சொன்னார். எதை நம்புவது?

உங்கள் கடிதம் அப்படியே கொட்டேஷன் மாதிரி இருந்தது. கடைசியில் 'வரி தனி' என்று போடாததுதான் பாக்கி. ரத்த மாதிரிக் குழாய்களை இயந்திரத்தில் சுழலவிட்டுவிட்டு, அது நிற்பதற்குள் இதை எழுதுகிறேன்.

நடக்க முடியாமல் வர மறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். என்னோடு அறையில் இருக்கும் நர்ஸும் நானும் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஏறுகிறோம். நடக்கப் பிடித்திருக்கிறது. உங்களோடு நடக்கத்தான் மனம் வரவில்லை.

கல்யாணமான மூன்று வருடத்தில் மலை மலையாகக் கூட்டிப்போனீர்கள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து அழுதேன். கால் வலி என்று நினைத்து நீங்கள் தைலம் எடுத்து வந்தீர்கள். நல்ல தைலம்தான், குறை சொல்ல மாட்டேன்.

நகல் அனுப்பவில்லை. கோபமில்லை, யோசிக்கிறேன். எந்தச் செடி போயிற்று?

அன்புடன்
நான்


மார்ச் 14

அம்மணிக்கு,

செம்பருத்தி. தண்ணீர் விடாமல் இல்லை, அதிகமாக விட்டேன்.

என்ன கோளாறு என்று சொல்லாமல் எப்படிப் பழுது பார்ப்பது? 'லிஃப்ட் நின்னு போச்சு' என்று போன் செய்கிறவர்களிடம்கூட எந்த மாடி, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆளை அனுப்புகிறோம். நீ 'மனம் வரவில்லை' என்கிறாய். எந்த மாடி அது?

நான் வேகமாகப் போனேன் என்பதுதான் குறை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் கால் நீளம், அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் ஒவ்வொரு வளைவிலும் உனக்காக நின்றேன். ஒரு வளைவைக்கூட விட்டதில்லை. உன் தலை தெரிந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தேன். இதைவிட எந்தப் புருஷன் காத்திருப்பான்?

இருந்தாலும் இரண்டாம் நாள் தூரத்தைக் குறைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஒரு மலையோட்டக் குழு அதே பாதையில் ஓடுகிறது. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். பாதையை நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 23

அம்மணிக்கு,

நீ இன்னும் பதில் போடவில்லை. பரவாயில்லை, எனக்கு யாரிடமாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும்.

நேற்று அந்தக் குழுவோடு ஓடினேன். ஒரு பல் டாக்டர்தான் தலைவர். ஒரு தபால்காரர், ஒரு கணக்கு டீச்சர், இன்னும் சிலர். எல்லாரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். நான்தான் கடைசி! ஆட்டுக்குட்டி மாதிரி தாவித் தாவிப் போகிறார்கள்.

அதைக்கூட விடு. முதல் வளைவில் எல்லாரும் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாய் மாதிரி இளைத்துக்கொண்டு போய் நின்றதும் பல் டாக்டர் எழுந்து, "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் நிக்கிறோம். சரி, கிளம்பலாமா?" என்கிறார். இரண்டாவது வளைவிலும் இதே கூத்து. ஷூவுக்குள் ஒரு கல். அதை எடுக்கக்கூட விடவில்லை. மூன்றாவது வளைவுக்குக் கீழே வரும்போதே ஆரஞ்சு வாசனை அடித்தது. அதை நம்பி ஏறினேன். போய்ப் பார்த்தால் பாறையில் தோல்தான் கிடக்கிறது. "சார் வந்தாச்சு, எந்திரிங்க எந்திரிங்க" என்று தபால்காரர் கை தட்டுகிறார்.

யோசித்துப் பார். ஒவ்வொரு வளைவிலும் அவர்களுக்கு நல்ல ஓய்வு. களைத்துப்போனவனுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. யாருக்கு ஓய்வு வேண்டும்? அவர்களுக்கா, எனக்கா? அடிப்படையிலேயே கோணல்! இதில், "உங்களுக்காக எவ்வளவு நேரம் நின்னோம் தெரியுமா" என்று பெருமை வேறு. நான் நன்றி சொல்ல வேண்டுமாம். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நின்றது என்னவோ நிஜம்தானே? கடைசி மேட்டில் எனக்குத் தொண்டையை அடைத்தது. தூசி.

பாதை நன்றாக இருக்கிறது. ஓடைக்கு மேலே ஒரு தட்டைப் பாறை, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். உனக்குப் பிடிக்கும். நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. எங்கே விட்டார்கள்!

லிஃப்ட்காரன்


மார்ச் 28

என் லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்துவிட்டாள். படித்துக் காட்டினேன். "ஐயோ, இந்த மனுஷன் தன் மேலயே புகார் எழுதியிருக்காருடி!" என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்கும் தைலம் எடுத்து வராதீர்கள்.

இதற்கு முந்தின கடிதத்தில் நீங்கள் எழுதிய ஒரு வரியை இங்கே எடுத்து எழுதுகிறேன். 'உன் தலை தெரிந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தேன்.' இப்போது அந்தப் பல் டாக்டரை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று வருடமாக நான் ஆரஞ்சுத் தோலைத்தான் பார்த்தேன். நீங்கள் நின்றீர்கள், உண்மை. நான் வந்து சேரும்போது உங்கள் களைப்பு தீர்ந்திருக்கும். என் களைப்பு அப்போதுதான் உட்கார இடம் தேடும். நீங்களோ எனக்காக நின்ற முகத்தோடு இருப்பீர்கள். உங்களுக்கே வாய் வரவில்லையே, எனக்கு எப்படி வரும்?

மலையில் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். வீடு மாறியது, உங்கள் வேலை மாறியது, என்னைப் படிப்பை நிறுத்தச் சொன்னது, எல்லாமே அப்படித்தான். நீங்கள் முன்னாலேயே யோசித்து முடித்து உட்கார்ந்திருப்பீர்கள். நான் மூச்சு வாங்கி வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்பீர்கள். ஊரையே நோகாமல் மேலே ஏற்றுகிறவர், என்னை மட்டும் ஏணிப்படியில் விட்டீர்கள்.

இதை நானே எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் உங்களுக்குப் புரிந்திருக்காது. அந்த ஆரஞ்சு சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மலைக்கு வருகிறேன். வீட்டுக்கா என்பதை அந்தத் தட்டைப் பாறையில் உட்கார்ந்து சொல்கிறேன். உட்காருவது எவ்வளவு நேரம் என்று கேட்கக் கூடாது. எழுந்திருப்பது நான் சொல்லும்போதுதான்.

அட்டை நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்
உங்கள்
ஆய்வகத்து அம்மணி


ஏப்ரல் 2

அம்மணிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றபடியே படித்தேன். பாதியில் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, கிளம்பலாமா?" என்றார். வெறி வந்துவிட்டது. அவர் என்ன பாவம் செய்தார்?

அன்றே ஒரு பதில் எழுதினேன். முழுக்க மறுப்பு. அதில் உன்னுடைய வாக்கியங்களையும் நானே முடித்து வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். அடுத்த நாள் எழுதியதையும் கிழித்தேன். இன்று எழுதுவதற்கு மிச்சமிருப்பது இவ்வளவுதான்: நீ சொன்னது சரி. தொண்டையை அடைத்தது தூசி இல்லை.

உன் படிப்பைப் பற்றி நான் இப்போதே ஏதாவது முடிவு சொன்னால் அதுவும் முந்திக்கொண்டு போனதாகிவிடும். அதனால் சொல்லவில்லை. சொல்ல ஆசையாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

நகலை இன்று காலை பூங்கா அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறாய். "வர்றது இவங்கதானா?" என்று குமாஸ்தா கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா!

உன்
லிஃப்ட்காரன்

இனி நான் செய்யப்போவது:

1. என் திட்டத்தைக் குப்பையில் போடுகிறேன். பூங்கா வரைபடத்தைக் கோடு எதுவும் கிழிக்காமல் இதோடு அனுப்புகிறேன். பாதையை நீ போடு.

2. நீ முன்னால் நட. நான் பின்னால் வருகிறேன். வழி தவறினாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஓடையில் விழப் போனால் மட்டும் திறப்பேன்.

3. மூன்றாம் நாள் ஓட்டத்தை மட்டும் விட முடியாது, பொய் சொல்ல விரும்பவில்லை. நீ தூங்கி எழுவதற்குள் ஓடிவிட்டு வந்துவிடுவேன்.

4. செம்பருத்தித் தொட்டியை அப்படியே வைத்திருப்பேன். எதை நடுவது, நடுவதா வேண்டாமா என்பதெல்லாம் உன் இஷ்டம்.

5. தட்டைப் பாறையில் நீ உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கல்லைத் தட்டிவிட்டு, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் ஆரஞ்சை உரிப்பேன்.

6. அப்புறம் உட்கார்ந்திருப்பேன்.