இன்னும் கொஞ்சம் சிவப்பு

1961 அக்டோபர் 9, திங்கள்

இன்று விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையின் பாதச் சவ்வை மைக்ராஸ்கோப்பில் வைத்து ரத்தம் ஓடுவதைப் பார்த்தோம். கண்ணை எடுக்கவே மனமில்லை.

விடுதி அறைக்கு வந்ததும் ஒரு யோசனை. என் பருக்கள் காய்ந்து மாதங்களாகின்றன, சிவப்புத் தடங்கள் மட்டும் கன்னத்தில் நிற்கின்றன. கண்ணாடி முன் நின்று, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஸ்லைடை, அந்த மெல்லிய கண்ணாடிச் சில்லை, ஒரு தடத்தின் மேல் அழுத்தினேன். சிவப்பு மறைந்தது! எடுத்தேன் - மெதுவாகத் திரும்பி வந்தது. அப்படியானால் இது கறையில்லை. உள்ளே நிற்கும் ரத்தம். புண் ஆறிய பிறகும் ரத்தத்துக்கு அங்கே என்ன வேலை?

அக்டோபர் 11

வகுப்புத் தோழி வைதேஹியைப் பிடித்து உட்கார வைத்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவள். அவள் நெற்றியில் இருப்பவை பழுப்புத் தடங்கள். எவ்வளவு அழுத்தியும் மறையவில்லை. ஆக, இரண்டும் வேறு வேறு!

"நன்னா இருக்குடி, தவளை போய் இப்போ நானா?" என்றாள். ஆனால் ஸ்லைடை வாங்கித் தானும் அழுத்திப் பார்த்துக்கொண்டாள்.

நவம்பர் 10

தீபாவளிக்கு உப்பிலியபுரம் வந்திருக்கிறேன். துறையூர் செல்லக்கண்ணு மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்கிறாராம். பெண் படிப்பை நிறுத்திவிட்டு வரட்டும், தையிலேயே முடித்துவிடலாம் என்கிறாராம்.

அம்மா என் முகத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டே, "இந்த மூஞ்சிய எப்படிக் காட்டுறது? தெளியட்டும்" என்றாள்.

"சரி, தெளிஞ்சதும் வரச் சொல்லுவோம்" என்றார் அப்பா. அவ்வளவுதான். மூன்று வருஷப் படிப்பு, கடைசிப் பரீட்சை, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போச்சு.

நவம்பர் 14

விடுதி. பரீட்சை மார்ச்சில். அதுவரை இந்தச் சிவப்பு தாங்குமா? இத்தனை நாள் எப்போது போகும் என்று பார்த்தவள், இன்று போகாதே என்கிறேன்.

நவம்பர் 19, ஞாயிறு

வெந்நீரில் முகம் கழுவினால் தடங்கள் அடர்கின்றன. விடியற்காலைக் குளிரில் வெளுக்கின்றன. வைதேஹியோடு மலைக்கோட்டைப் படிகளில் ஓடி ஏறினேன், உச்சியில் அவள் என்னைப் பார்த்து, "குங்குமத்த அப்பிண்ட மாதிரி இருக்குடி!" என்றாள். கீழே இறங்குவதற்குள் அடங்கிவிட்டது.

டிசம்பர் 2

கிள்ளினேன். நகத்தால், இரண்டு இடத்தில். சிவப்பு கூடட்டும் என்று.

வைதேஹி பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். "பைத்தியமா நோக்கு? சிவப்பு போயிடும், குழி போகாதுடி." எரிச்சல் இன்னும் இருக்கிறது. இனிக் கிள்ளமாட்டேன். வேடிக்கை மட்டும்தான் பார்க்கப் போகிறேன்.

டிசம்பர் 20

மங்குகிறது. நல்லதா கெட்டதா - யாரிடம் கேட்பது?

1962 ஜனவரி 16

ஊரில். பொங்கலுக்கு வந்தேன். காலையில் கிணற்றடியில் அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"போயிருச்சா பாப்பா?"

ஸ்லைடை எடுத்து வந்து அழுத்திக் காட்டினேன். குனிந்து பார்த்தார். வாங்கி, தன் காலில் ஏர்க்கொழு பட்ட பழைய தழும்பின் மேல் வைத்து அழுத்தினார்.

"இது மாறலியே?"

"அது தழும்புப்பா. எனக்கு இருக்கறது ரத்தம். தானா வடிஞ்சிரும்."

"எப்போ?"

"தெரியாதுப்பா."

"மூணு வருஷம் படிச்சும் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கத்தான் படிக்கிறேன். பரீட்சை எழுத விடுங்கப்பா."

எப்படி வாயில் வந்ததோ! அப்பா ஸ்லைடை வேட்டியில் துடைத்துக் கொடுத்துவிட்டு மாடு அவிழ்க்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 2

ஸ்லைடை எங்கே அழுத்துவது? ஒன்றும் மிச்சமில்லை. எந்த இடத்தில் இருந்ததென்றுகூட விரல் தடுமாறுகிறது. "பளிச்சுனு ஆயிடுத்தேடி!" என்று வைதேஹி கன்னத்தைத் தட்டினாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

அப்பா வந்திருப்பதாக விடுதி ஆயா வந்து சொன்னாள். போனால், கூடவே செல்லக்கண்ணு மாமா. வராந்தாவில் நல்ல வெயில், ஒளிய இடமில்லை.

மாமா பார்த்தார். "மூஞ்சி நல்லாத்தானே இருக்கு மச்சான்? அப்புறம் என்ன?"

அப்பா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். அவர் விரல் பட்டு எத்தனை வருஷம்!

"உத்துப் பாருங்க. அடியில சிவப்பு இன்னும் நிக்குது. சூடு ஏறுனா தெரியும். இப்ப முடியாது மச்சான், சித்திரை கழியட்டும்."

மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா... லேசா இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றார்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "பரீட்சை என்னிக்கு பாப்பா?" என்று கேட்டார்.