நீலமாகிப் போன குப்பி

அன்பு மகளுக்கு, என் வாயாடிக்கு, அப்பா எழுதுவது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து படி.

எங்கள் ஆய்வகத்தில் தங்கக் கரைசல் வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேனே, கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள், பார்க்கச் சிவப்பாக இருக்கும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரை ஒட்டியிருக்குமாம், காப்பிக்குப் போடுகிற சர்க்கரை இல்லை, அது வேறு ஜாதி. புற்று வந்த செல்லில் அது மாறிவிடும், தங்கம் அதை மோப்பம் பிடித்துப் போய் மொய்த்துக்கொண்டால் கரைசல் நீலமாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தம் வேண்டும் என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, என் வீட்டுக்காரிக்குத் தும்மல்கூட வராது மேடம் என்று சொல்லி உன் அம்மாவை அழைத்துப் போனேன். அவளும் கையை நீட்டிவிட்டு, தங்கமே வாங்கித் தராத மனுஷன் என் ரத்தத்திலயாவது தங்கத்தைக் கலக்க வெச்சாரேன்னு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

அவள் ரத்தம் கலந்த குப்பி நீலமானது. சந்தேகம் அவள் மேல் வரவில்லை, என் மேல்தான் வந்தது. குப்பியில் துளி அழுக்கு இருந்தாலும் தங்கக் கரைசல் கெட்டு நீலமாகிவிடும், கழுவுகிறவன் நான். ஒழுங்கா கழுவக் கூடாதான்னு டாக்டரம்மா கடிந்துகொண்டார். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன், மறுபடியும் நீலம். வயசாகிவிட்டது என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை, பார் என் புத்தியை! மற்றவர்கள் குப்பியெல்லாம் சிவப்பாக நிற்கிறது, இவளுடையது மட்டும் மாறுகிறது, அங்கே ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. கடைசியில் புதுக் குப்பி பிரித்துப் பார்த்தார்கள், அதிலும் நீலம். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் இருக்கிறது, கல்லீரலுக்கும் போய்விட்டது. அறுக்கும் கட்டம் தாண்டிவிட்டதாம், மருந்தைக் கொடுத்து நாளைத் தள்ளலாமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் மாதிரி நானே இதைத் தேடிப் போனேனோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டு இருந்திருப்பாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், புது வேலை, லீவு கேட்டா சீட்டைக் கிழிச்சிடுவாங்க, பாவம் அதுன்னு. நானும் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு, அவள் மருந்து மயக்கத்தில் தூங்கும்போது இதை எழுதுகிறேன். என்னால் தனியாக முடியவில்லையடி, கிளம்பி வா.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும், அதைத்தான் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒன்றை மறக்காதே. லீவு தானாகக் கிடைத்தது என்றே அவளிடம் சொல். உன் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள், அதனால் அழுவதையெல்லாம் வழியிலேயே அழுது முடித்துவிட்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா